காதலும் பிணியும் விதியும்



பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளையோ பெண்ணோ பாடப்புத்தகத்தைத் தாண்டித் தானாகத் தேடிப் படிக்கும் முதல் பெரிய நாவல், காதல் என்றால் என்ன, துன்பம் என்றால் என்ன, தலையெழுத்து என்று பெரியவர்கள் சொல்லுகிறார்களே அது என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு அந்த இளம் மனத்தில் முதல் விடையை எழுதிவிடுகிறது. பின்னாளில் எத்தனையோ நூல்களைக் கற்று, எத்தனையோ அனுபவங்களுக்கு ஆளாகி, அந்த விடையை நாம் திருத்திக்கொள்கிறோம் என்றாலும், முதலில் விழுந்த எழுத்து முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. நம் தஞ்சைத் தரணியிலே, தலைமுறை தலைமுறையாக அந்த முதல் நாவலின் ஸ்தானத்தை வகித்துவருவது அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'.

மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, தாம் நடத்திய 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் இதைத் தொடங்கி, 1954ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய வாழ்வும் நிறைவு பெற்றது. வாரந்தோறும் வந்த பக்கங்களை, ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு கிழித்தெடுத்து அடுக்கிவைத்துத் தைத்து, பைண்டு செய்து, வீட்டுப் பீரோவில் வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் நம் ஜில்லாவில் அநேகம். 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாக வந்தபோது, பாட்டியின் பைண்டு புத்தகத்தைப் பேரப்பிள்ளைகள் தேடி எடுத்தார்கள் என்பதும் மகிழ்ச்சிக்குரிய செய்திதான்.

குதிரை, வாள், சதி, சுரங்கப் பாதை, கடற்பிரயாணம் ஆகியவற்றுக்காகவே இளைஞர்கள் இந்த நாவலை விரும்புகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால், சற்றே நிதானித்துப் பார்த்தால், இந்தக் கதை முழுவதும் ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றியே நடக்கிறது என்பது விளங்கும். தஞ்சை அரண்மனையில் கால்களின் சக்தியை இழந்து படுத்திருக்கிறார் சுந்தர சோழ சக்கரவர்த்தி. அவர் படுத்துவிட்டதால்தான் அதிகாரத்தில் இருந்த பழுவேட்டரையர் சகோதரர்களின் கை ஓங்குகிறது. அவருக்குப் பிறகு பட்டம் யாருக்கு என்ற கேள்வி எழுகிறது. காஞ்சியிலிருந்து ஓர் ஓலையோடு வந்தியத்தேவன் என்னும் இளம் வீரன் புறப்படுகிறான். அந்த மனிதர் எழுந்து நடமாடிக்கொண்டிருந்திருந்தால் கதையே இல்லை. ஆகவே காதல், நோய், விதி என்னும் மூன்றும் ஓர் இளைஞர் நாவலில் எவ்வாறு ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதை ஆராய விரும்புகிறவர்களுக்கு, இதைவிட அருகில், இதைவிட நமக்குச் சொந்தமான ஓர் உதாரணம் கிடைப்பது அரிது.

உலக இலக்கியத்தில் காதலையும் நோயையும் இணைத்த நூல்களுக்குப் பஞ்சமில்லை. வங்காளத்துச் சரத் சந்திரர் 1917இல் வெளியிட்ட 'தேவதாஸ்', 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த திரைப்படமாகத் தமிழ்நாட்டுக்கும் வந்து, ஒரு தலைமுறை இளைஞர்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது. கைகூடாத காதலால் மதுவில் மூழ்கி, மதுவால் நோயுற்று, காதலியின் வீட்டு வாசலில் உயிர்விடும் தேவதாஸைக் கண்டு இரங்காதவர் யார்? நம் காலத்தில், 2012இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன், புற்றுநோயுற்ற ஒரு பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் நேசிப்பதை நாவலாக எழுத, அதையும் உலகெங்கும் இளைஞர்கள் உருகி உருகிப் படித்தார்கள். ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தில் காஸியஸ், நம் தாழ்வுக்குக் காரணம் நட்சத்திரங்கள் அல்ல, நாமே என்று புரூட்டஸிடம் வாதிக்கிறான் அல்லவா? ஒரு பாவமும் அறியாத இளம் பிராயத்தில் புற்றுநோயைப் பெற்றவர்களிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா, குறை அந்த நட்சத்திரங்களிலேதான் இருக்கிறது என்று மறுமொழி கூறுவது போல அமைந்திருக்கிறது அந்த அமெரிக்க நாவலின் தலைப்பு. இவ்விரண்டு நூல்களிலும் நோய் என்பது காதலுக்குக் குறிக்கப்பட்ட எல்லை. கல்கியின் நாவலிலோ நோய் வந்த இடத்தில்தான் காதலுக்கு வேலை தொடங்குகிறது. இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இதுவே.

சக்கரவர்த்தியின் நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். இளமையில் கப்பல் சேதமுற்று, ஈழத்துக்கு அருகே ஒரு தீவில் ஒதுங்கிய சுந்தர சோழரை, பேசவும் கேட்கவும் இயலாத மந்தாகினி கரடியின் பிடியிலிருந்து காப்பாற்றுகிறாள். ராஜ்யத்தையும் உலகத்தையும் மறந்து, அந்தத் தீவிலே சில காலம் அவர் ஆனந்தமாக வாழ்கிறார். பிறகு கப்பல்கள் தேடிவருகின்றன, கடமை அழைக்கிறது, முடிசூட்டு விழாவும் நடக்கிறது. அவரைத் தேடி வந்த மந்தாகினி, மகுடம் தரித்து நிற்பவரைக் கண்டு திகைத்து ஓடுகிறாள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து கடலில் குதித்தாள் என்ற செய்தி வருகிறது. தம்மால் ஓர் உயிர் மாண்டது என்ற எண்ணம் அவருடைய நெஞ்சில் அன்று விழுந்து, வருஷக் கணக்கில் உள்ளே கிடந்து, கடைசியில் சரீரத்தையும் பற்றிக்கொள்கிறது.

அந்தத் தாபத்தைப் பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினி தெரிந்துகொண்டு, நள்ளிரவில் மந்தாகினியின் ஆவியைப் போல வந்து நிற்பதையும், அவர் கூவிப் புலம்புவதைக் கொடும்பாளூர் இளவரசி வானதி கண்டு நடுங்குவதையும் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது. மருந்து கொடுக்க வைத்தியர்கள் உண்டு. காவலுக்குக் கோட்டையும் வேளக்காரப் படையும் உண்டு. ஆனால் அவருடைய மனத்தில் இருப்பதைச் சொல்லி அழுவதற்கு ஒரு மனிதர் இல்லை. அந்த மனிதராக அமைந்தவள் மகள் குந்தவை. தகப்பனார் தம் இளமைக் காதலை, அதன் இன்பத்தையும் பாவத்தையும் மறைக்காமல், பெற்ற மகளிடம் சொல்லுகிறார். மகள் முகஞ்சுளிக்காமல், நீதி சொல்லாமல், கேட்கிறாள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதைக் கேட்பதும் ஒரு சிகிச்சை என்பதைப் பதினாறு வயது வாசகருக்கு இதைவிட அழகாக யார் சொல்லிக்கொடுக்க முடியும்? இறந்துபோனதாக அவர் நம்பிய மந்தாகினியும், பிற்பாடு தஞ்சை அரண்மனைக்கே வந்து, அவர்மேல் எறியப்பட்ட வேலைத் தன் சரீரத்தில் ஏற்று, அவர் கண்ணெதிரே உயிர் துறக்கிறாள். வாய் பேசாத அந்தப் பெண் ஒருநாளும் தன் அன்பைச் சொல்லியதில்லை. ஆயினும் நாவலில் அவளைப் போல் அன்பைச் செய்து காட்டியவர் வேறொருவர் இல்லை.

அடுத்தபடியாக, கதாநாயகனுக்கே வருகிற நோய். ஈழத்திலிருந்து திரும்பி, சுழற்காற்றிலும் கடலிலும் அலைப்புண்டு, கோடிக்கரையில் கரையேறும் சக்கரவர்த்தியின் இளைய மகன் அருள்மொழிவர்மருக்கு விஷ சுரம் கண்டுவிடுகிறது. நம் பக்கத்தில் ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்குகிற நாட்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் எட்டிப் பார்ப்பதும், நெற்றியில் நனைந்த துணியும் கையில் நிலவேம்புக் கஷாயமுமாகத் தாய்மார்கள் இரவெல்லாம் தலைமாட்டில் கண்விழித்திருப்பதும், நாலாம் நாள் நொய்க் கஞ்சி ஒரு வாய் உள்ளே இறங்கிவிட்டால் வீடே மூச்சுவிடுவதும் நமக்குப் பழக்கமானவை. அந்தச் சாதாரணக் காய்ச்சலைத்தான், பின்னாளில் முதலாம் ராஜராஜனாக விளங்கப்போகிறவருக்கும் கல்கி கொடுத்திருக்கிறார். நினைவு தப்பிக் கிடக்கும் இளவரசரைப் படகிலே கிடத்தி, கோடிக்கரையிலிருந்து நாகப்பட்டினம் வரையில் கால்வாய் வழியாகக் கொண்டுசெல்கிறவர்கள் யார்? ஓடக்காரப் பெண் பூங்குழலியும், தஞ்சையில் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் சேந்தன் அமுதனும். பூங்குழலி இளவரசரிடம் மனத்தைப் பறிகொடுத்தவள்; அமுதன் பூங்குழலியிடம் மனத்தைப் பறிகொடுத்தவன். இந்த மூவரும் ஒரு சிறு படகில், ஒருவர் நினைவின்றியும் மற்ற இருவர் உறக்கமின்றியும் பிரயாணம் செய்கிறார்கள். பொறாமைக்கு இதைவிடத் தகுந்த இடம் வேறு இல்லை. ஆயினும் அந்தப் படகிலே பொறாமைக்கு இடம் கிடைக்கவில்லை. நோயாளியைக் கரை சேர்க்கவேண்டும் என்ற ஒரே கவலை அத்தனை ஆசைகளையும் தள்ளிவைத்துவிடுகிறது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தின் பிக்ஷுக்கள் இளவரசருக்குச் சிகிச்சை செய்து பிழைக்கவைக்கிறார்கள். சரித்திரத்தில் அந்த விஹாரம் முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர்களால் எழுப்பப்பட்டது. ஆனைமங்கலம் என்னும் ஊரை ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு நிவந்தமாக விட்டதை, லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. சைவப் பற்று மிகுந்த ஒரு சக்கரவர்த்தி பௌத்தப் பள்ளிக்கு ஊரை எழுதிவைத்ததற்கு அரசியலும் வாணிபமும் காரணங்களாக இருந்திருக்கலாம். நாவலாசிரியரோ அந்தச் சாசனத்தின் பின்னால், காய்ச்சலில் கிடந்தவனைக் காப்பாற்றியவர்களுக்குப் பட்ட நன்றிக்கடனை நினைத்துப் பார்க்கச் செய்கிறார். பிற்பாடு சேந்தன் அமுதனே நோயுற்றுக் கிடக்கிறான். பூங்குழலி அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அரண்மனை வாழ்வைக் கனவு கண்ட பெண்ணின் மனம், அந்தக் குடிசையின் நோய்ப் படுக்கையருகே பக்குவம் அடைகிறது. பார்வையில் பிறந்த காதல் அவளைக் கடல் கடலாக அலைக்கழித்தது. பணிவிடையில் விளைந்த அன்போ அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தது.

இங்கே மூலிகையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குந்தவை தேவி வந்தியத்தேவனை ஈழத்துக்கு அனுப்பும்போது, அவன் உண்மையில் கொண்டுபோவது தம்பிக்கு ஓர் ஓலை. ஊருக்குச் சொல்லிக்கொள்வதோ சக்கரவர்த்தியின் நோய்க்குக் கோடிக்கரைக் காட்டில் மூலிகை தேடுவதாக. பழையாறை வைத்தியர் மகன் அவனோடு துணைக்குப் போகிறான். வேதாரணியத்துக்குத் தெற்கே கடலைத் தொட்டு நிற்கும் அந்தக் காடு, இன்றைக்கும் மருந்துச் செடிகளுக்குப் பெயர்பெற்றது. அனுமார் தூக்கிச்சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்தவை அங்கே முளைத்தன என்பது செவிவழிக் கதை. நாவலில் மூலிகை ஒரு சாக்குதான். ஆனால் சரித்திரத்துக் குந்தவைக்கு அது சாக்கு அன்று. தஞ்சையிலே தம் தகப்பனார் பெயரால் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு, அதாவது நோயாளிகளுக்கான மருத்துவசாலைக்கு, அந்த அம்மையார் நிலம் அளித்ததையும் வைத்தியருக்கு ஜீவனம் அமைத்ததையும் சோழர் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. பெரிய கோயிலிலே தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் எழுந்தருள்வித்தவரும் அவரே. கல்கி இந்தச் செய்தியை நன்றாக அறிந்து, நாவலிலும் குந்தவை தஞ்சையில் ஆதுரசாலை ஏற்படுத்துவதாக அமைத்திருக்கிறார்.

சோழநாட்டு மருத்துவசாலை எவ்வாறு நடந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், காஞ்சிக்கு அருகே திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திரன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டைப் பார்க்கவேண்டும். பதினைந்து படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பராமரிக்கப் பெண்கள் இருவர், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து, நெல்லளந்து, கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். குந்தவையைப் போலத் தகப்பனின் நோயைக் கண்டு வருந்திய ஒரு மகள், அந்த வருத்தத்தைத் தன் வீட்டுக்குள்ளே வைத்துக்கொள்ளாமல், பெயர் தெரியாத நோயாளிகளுக்கெல்லாம் ஒரு கட்டிலும் ஒரு வேளை மருந்தும் கிடைக்கும்படி செய்தாள் என்றால், அன்பு எவ்வளவு தூரம் விரியக்கூடும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி, விதியைப் பற்றிப் பேசுவோம். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணத்தில், கதை தொடங்கும்போதே வானத்தில் தூமகேது என்னும் வால்நட்சத்திரம் தோன்றியிருக்கிறது. அரச குலத்தில் யாருக்கோ ஆபத்து என்று ஜனங்கள் கலங்குகிறார்கள். குடந்தையில் ஒரு சோதிடர் இருக்கிறார். இளவரசிகளும் அவரிடம் வருகிறார்கள், ஒற்றர்களும் வருகிறார்கள். இப்படி விதியின் அறிகுறிகளை எங்கும் நட்டுவைத்த ஆசிரியர், அவற்றை என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கவேண்டும். பெருமழையிலே காவேரி நாடு வெள்ளக்காடாகும்போது, பிறருக்கெல்லாம் வருங்காலம் சொன்ன அந்தச் சோதிடரின் வீட்டையே வெள்ளம் கொண்டுபோகிறது. கூரையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தில் மிதந்த வானதியைக் காப்பாற்றியது ஜாதகம் அன்று, பூங்குழலியின் துணிச்சலே. இளவரசர் பேரைக் கேட்டாலே மயங்கி விழும் கொடும்பாளூர்ப் பெண்ணாக நாம் முதலில் கண்ட அதே வானதி, பேரரசனுக்குத் தாயாவாள் என்று சோதிடம் சொல்லப்பட்டவள், சோழர் சிங்காதனத்தில் ஒருநாளும் அமரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். கிரகங்கள் கொடுப்பதாகச் சொன்ன பாக்கியத்தையும் தான் விரும்பிய மட்டுக்கே ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெண்ணின் திடத்தை, நம் வீட்டுப் பெண்கள் அவளுடைய மயக்கத்தைவிட அதிகமாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சக்கரவர்த்தியின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் கதை இதற்கு நேர்மாறானது. காய்ச்சலும் முடக்கமும் இல்லாத கட்டுடல். ஆனால் கதையில் அவனைப் போல் நோயுற்றவர் எவரும் இல்லை. நந்தினி கெஞ்சியும் கேளாமல் அவள் கண்முன்னே பாண்டிய மன்னன் வீரபாண்டியனைக் கொன்ற அந்தக் கணம் அவனை உறங்கவிடவில்லை. கடம்பூருக்குப் போகாதே என்று எத்தனை பேர் தடுத்தும், தெரிந்தே போகிறான், மாண்டுபோகிறான், தூமகேதுவும் மறைகிறது. அவன் கொலையுண்டது சரித்திர உண்மை. காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய நிலங்கள் கைக்கொள்ளப்பட்டதைக் குறிக்கிறது. இவ்வளவு தெளிவான சான்று கையில் இருந்தும், கடம்பூர் மாளிகையில் அந்த இருட்டிலே குத்தியது யார் கை என்பதைக் கல்கி நிச்சயமாகச் சொல்லாமல் விட்டார். அது கதைச் சுவைக்காக மட்டும் செய்ததென்று நான் நினைக்கவில்லை. கொலைவாள் எவர் கையில் இருந்திருந்தாலும், கரிகாலனை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது அவனுடைய ஆறாத மனப்புண்தான். தந்தைக்கு ஒரு குந்தவை அருகில் இருந்தாள். காஞ்சியில் தனித்திருந்த மகனுக்கு அப்படி ஒருவரும் இல்லை. விதி என்று நாம் பெயரிட்டு ஒதுங்கிக்கொள்கிற பல காரியங்களில், தக்க சமயத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமற்போனதும் ஒரு பாதி என்பதை இந்தத் தந்தையும் மகனும் நமக்குக் காட்டுகிறார்கள்.

ஆனால் நேயர்களே, பணிவிடை செய்தால் எல்லா நோயும் தீர்ந்துவிடும் என்ற இனிப்பான பொய்யைக் கல்கி சொல்லவில்லை. கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலை, தமையன் கந்தமாறனின் வார்த்தைகளைக் கேட்டே வந்தியத்தேவனைத் தன் மணாளனாக வரித்துக்கொண்டவள். அவன் மனம் குந்தவையிடம் இருப்பதை அறிந்தும் அவள் அன்பு குறையவில்லை. அவன்மேல் கொலைப்பழி விழுந்தபோது, கரிகாலனைக் கொன்றவள் தானே என்று சொல்லி அவனைக் காப்பாற்றத் துணிகிறாள். அந்த அப்பழுக்கற்ற பெண் சித்தம் கலங்கி, கடைசியில் அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். நாவலின் இறுதி அத்தியாயத்துக்கு 'மலர் உதிர்ந்தது' என்று பெயர். ஐந்து பாகங்களை ஆவலோடு படித்துவந்த இளைஞர்கள், பட்டாபிஷேகமும் கல்யாணமும் முடிவில் வரும் என்று காத்திருந்தவர்கள், அங்கே அதிர்ச்சியுற்றுப் புத்தகத்தை மூடுகிறார்கள். அவள் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அவளை யாராவது வஞ்சித்தார்களா? அதுவும் இல்லை. சில துன்பங்களுக்கு நியாயம் கிடையாது, சில நோய்களுக்கு மருந்து கிடையாது என்ற கசப்பான உண்மையை, வாசகருக்குப் பதினாறு வயதே ஆனாலும் அவர் தாங்கிக்கொள்வார் என்று நம்பி, ஆசிரியர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்காகவே அவரை நான் வணங்குகிறேன்.

அவள் விஷயத்திலும் வந்தியத்தேவன் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. பிழைக்கவைக்க அவனால் இயலவில்லை. விரும்பியபடி மணம் புரியவும் இயலவில்லை. வந்து அருகில் இருக்க இயன்றது. அவன் வந்தான். துள்ளிக்குதித்துத் திரிந்த, அகப்பட்ட ஆபத்திலெல்லாம் தலையைக் கொடுத்த அந்த வாலிபன், அந்த மரணத்துக்குப் பிறகு வேறு மனிதனாகிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்' என்று பெயரிட்டவர், கிடைத்த மகுடத்தைச் சித்தப்பனுக்கு விட்டுக்கொடுத்த அருள்மொழியை மட்டும் எண்ணி அப்படிப் பெயரிட்டார் என்று கொள்ளவேண்டியதில்லை. சிற்றப்பன் ஆள விரும்புகிற வரையில் தான் அரசை விரும்புவதில்லை என்று அருள்மொழி ஒதுங்கியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் போற்றுகின்றன. அவ்வளவு பெரிய தியாகம் செய்யும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் வரப்போவதில்லை. காய்ச்சலில் கிடக்கும் ஒருவருக்காக ஓர் இரவுத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கும் வாய்ப்போ எல்லோருக்கும் வருகிறது.

ஆகையால், இந்த நாவலைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழையாறையையும் நாகப்பட்டினத்தையும் வீராணத்தையும் அவர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரிய கோயிலையும் காட்டுங்கள். அதோடு, உங்கள் தெருவில் படுத்த படுக்கையாய் இருக்கும் ஒரு தாத்தாவையோ, பிரசவம் முடிந்து இளைத்திருக்கும் ஓர் அக்காவையோ, தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டில் துணைக்கு ஆளின்றிக் கிடக்கும் ஒரு சிநேகிதனையோ பார்த்துவர அவர்களை அனுப்புங்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுபோய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருவது போதாது. உட்கார்ந்து, கேட்டு, கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வரட்டும். காதல் என்பது கண்ணால் பார்ப்பதில் தொடங்கலாம். அது காதல்தானா என்பது நோய் வந்தபோதுதான் தெரியும். நாளைக்கு எவருக்கு எந்த நோய் வரும் என்பது நம் கையில் இல்லை. வந்தவர் அருகில் நாம் இருப்பதும் இல்லாமற்போவதும் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.